வராத மாணவர்களைத் தண்டிக்கச் சொல்லும் கட்டுரை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கல்லூரிப் படிப்பு பற்றிய கட்டுரையில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) மாணவர்கள் டியூட்டரிங்குக்கு, அதாவது வகுப்புக்கு வெளியே பாடம் சொல்லித்தரும் உதவிக்கு, நேரம் பதிவு செய்துவிட்டு வராமல் போவதற்கு, அது இலவசமாகக் கிடைப்பதுதான் காரணமாம். அபராதம் போட்டால் பொறுப்பு வந்துவிடுமாம்.

கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு கல்லூரியின் டியூட்டரிங் சென்டரில் பல வருடங்களாகக் கணக்கும் புள்ளியியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பதிவு செய்தவர் வராமல் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதில்லை. அந்த நேரம் கேட்டு, இடம் இல்லை என்று திரும்பிப் போன இன்னொரு பிள்ளையின் முகமும் நினைவுக்கு வரும். கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது ஏன் வரவில்லை என்று உட்கார்த்தி வைத்துக் கேட்டிருந்தால், அந்தக் கட்டுரையாளருக்கு அபராதம் என்று எழுத மனம் வந்திருக்காது.

என்னிடம் படிக்கும் ஒரு பெண் பொருள் கிடங்கில் வேலை செய்கிறாள். அவளுடைய ஷிப்டை முந்தின நாள் இரவுதான் செல்பேசியில் மாற்றுவார்கள். மறுத்தால் அடுத்த வாரம் மணிநேரம் குறையும். இன்னொரு பையன் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு பஸ் தவறினால் அவனுக்கு அன்றைய பாடம் போச்சு. இவர்களையெல்லாம் விட அதிகம் பேர், பாடம் ஒன்றுமே புரியாமல், எதைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல், வெட்கப்பட்டு வராமல் இருப்பவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள் அவர்கள். இந்த வெட்கத்துக்கு எத்தனை டாலர் அபராதம் போடலாம் என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

தண்டனை ஏற்கெனவே இருக்கிறது என்பதும் கட்டுரையில் இல்லை. எங்கள் சென்டரில் பத்து நிமிடம் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாக ‘நோ ஷோ’ (ஆள் வரவில்லை) என்று பதிந்துவிடும். இரண்டு முறை அப்படி ஆனால் செமஸ்டர் முடியும்வரை முன்பதிவு செய்ய முடியாது. மூச்சிரைக்க ஓடிவந்து, கொஞ்சம் தாமதமாக என் எதிரே உட்கார்ந்து ஒரு முழுக் கணக்கைப் போட்டு முடித்த பையனுக்கும் அந்த முத்திரை விழுந்தது. எச்சரிக்கை போவதோ கல்லூரி மின்னஞ்சலுக்கு. அதைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் குறைவு. ஆக, யாருக்கு உதவி அவசரமோ அவர்களுக்கே கதவு முதலில் சாத்தப்படுகிறது.

கம்யூனிட்டி காலேஜ்களில் மாணவர்களை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது பற்றி 2017இல் வந்த ஏ.பி. 705 என்ற கலிஃபோர்னியா சட்டத்தைத் தாங்கள் அறியாமல் இருக்க முடியாது. அதற்கு முன்பெல்லாம் ஒரு தகுதித் தேர்வில் சறுக்கிய பிள்ளைகள், நான்காண்டுக் கல்லூரிக்கு மாற்ற முடியாத அடிப்படைக் கணக்கு வகுப்புகளிலேயே செமஸ்டர் செமஸ்டராக மாட்டிக்கொண்டு, சலித்துப் படிப்பையே விட்டுவிடுவார்கள். இப்போது உயர்நிலைப்பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகப் புள்ளியியலில் சேர்க்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பின்னத்திலேயே தடுமாறும் பிள்ளைக்கு இடையில் இருக்கும் ஒரே கைப்பிடி எங்கள் சென்டர். அதையும் பிடுங்கச் சொன்னால் எப்படி?

சரி, இது இந்தக் கட்டுரையோடு நிற்கும் விஷயமும் இல்லை. தங்கள் பத்திரிகையை வெகுகாலமாகப் படிக்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்த பிள்ளைகளின் பேட்டி வருகிறது, ஸ்பெல்லிங் பீ வெற்றி அட்டைப்படத்தில் வருகிறது. சந்தோஷம். இந்த மாநிலத்தில் மட்டும் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன, இங்கேயே வசிப்பவர்கள் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர் கட்டினால் போதும், அங்கிருந்து யூசி என்னும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களுக்கு உத்தரவாதத்தோடு மாறிப்போக வழி இருக்கிறது என்று ஒரு பக்கக் கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை. இதுபற்றி முன்பே எழுதினேன். பதில்கூட வரவில்லை. நம் கூடுகைகளில் யாராவது பிள்ளை அங்கே சேர்ந்திருப்பதாகச் சொன்னால், கேட்டவர் பேச்சை மாற்றுகிறார். அந்தத் தாயின் முகத்தைத் தாங்கள் பார்த்ததில்லையா? அப்புறம் இப்படி ஒரு வரியையும் அச்சிட்டால், அவர் பிள்ளையைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்?

பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது சரி என்று நான் வாதாடவில்லை. முந்தின நாள் செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும், அதிலேயே ரத்து செய்யவும் வழி இருக்கட்டும். பத்து நிமிடத்தில் ஆள் வராவிட்டால் வாசலில் காத்திருப்பவரை உள்ளே கூப்பிடட்டும். இரண்டு முறை வராதவரை முடக்குவதற்கு முன் ஒருவர் போன் செய்து, என்னப்பா ஆச்சு என்று கேட்கட்டும். இதையெல்லாம் எங்கள் கூட்டங்களில் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: வர முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள்; முன்பதிவு முடக்கப்பட்டிருந்தால் சென்டரின் ஒருங்கிணைப்பாளரை நேரில் பார்த்துக் காரணத்தைச் சொல்லுங்கள், பல இடங்களில் நீக்கித் தருவார்கள்; முன்பதிவில்லாமல் வரும் நேரம் உண்டா என்றும் கேளுங்கள். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் இதைப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, கலிஃபோர்னியா