போயா தின உபவாச ஜெபம்: சபையார் அனைவருக்கும்

அன்பானவர்களுக்குத் தோத்திரம்.

வரும் புதன்கிழமை போயா (பௌர்ணமி) விடுமுறை. காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை வெள்ளவத்தை ஜெப வீட்டில் கூடுவோம். நம் சபை ஆவிக்குரிய நிலையில் எங்கே நிற்கிறது, இனி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஜெபித்து, மனம் திறந்து கதைக்க வேண்டும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஒரு அம்மா குடையை மடியில் வைத்தபடி கடைசி வாங்கில் கனநேரம் தனியே இருந்தார். நாம் முப்பது பேர்தான். ஒருவரும் போய்ச் சுகம் விசாரிக்கவில்லை, நானும்கூட. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

1. அப்போஸ்தலர் 2:42-47 வாசித்து வாருங்கள். உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம்: இந்த நான்கில் எதில் சோர்ந்திருக்கிறோம்?
2. வேதாகமம், கொப்பி, பேனை கொண்டு வாருங்கள்.
3. மருந்து எடுப்பவர்கள் உபவாசம் இருக்க வேண்டாம். முடிவில் எல்லோருக்கும் கஞ்சி உண்டு.
4. சபைக்கு வராமல் விட்ட ஒருவருக்காவது இந்தக் கிழமை கோல் எடுங்கள். வற்புறுத்தாதீர்கள், சுகம் விசாரித்தால் போதும்.
5. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்கக் கஷ்டம். அதை அவர்கள் வாயாலேயே கேட்போம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று திங்கள் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். வாகனம் தேவையானவர்கள் அதையும் சொல்லுங்கள்.