மிளகாய் விழுமுன் ஒரு பாத்திரம் எடுத்து வையுங்கள்

ஆலயச் செயலவைத் தலைவருக்கும், அன்னதான அடுப்படியில் நிற்கும் அக்கா, அண்ணிமாருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது. ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகனுக்குக் குரோன் நோய் என்று ஈப்போவில் கண்டுபிடித்து இரண்டு வருடமாகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். ஒட்டிக்கொள்ளாது. இதே வகைக் குடல் அழற்சி நம் மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடம் அதிகம் என்று ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு சொல்கிறது. எங்கள் வீட்டோடு போகிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

போன திருவிழாப் பந்தியில் அவன் இலையில் கடலைச் சுண்டல், கீரைத்தண்டுக் கூட்டு, சாம்பார். சிறுகுடலில் ஓரிடம் சுருங்கியிருப்பதால் கடலைத் தோலும் தண்டு நாரும் அங்கே சிக்கும். சோற்றை ரசத்தில் பிசைந்து, மிளகாய் விதையை ஒவ்வொன்றாக இலை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். "சாமி சோத்த ஒதுக்கக் கூடாதுய்யா" என்று ஒரு பெரியம்மா இன்னொரு கை சுண்டல் வைத்தார். அன்பால்தான் வைத்தார். மறுக்கக் கூச்சப்பட்டுத் தின்றுவிட்டான். இரவெல்லாம் வாந்தி, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தான். விடியுமுன் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவனைப் பார்க்கிறவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு விரதம் இருக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். பி12 சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அவனுக்குப் புண். ஊசி போட்டுத்தான் ஈடுகட்டுகிறோம். ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை வேறு அரிக்கும் என்பதால் நெத்திலியை வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலந்து கொடுக்கிறேன். ஒரு கிலோ ஏற்ற நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அவனுக்கு எதற்கு விரதம்?

குடல் நோய்க்காரர் எல்லாருக்கும் ஒரே பத்தியம் கிடையாது. சுருக்கம் இல்லாமல், நோயும் அடங்கியிருந்தால் கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது. ஆகவே பரிமாறுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. சாம்பாருக்குப் பருப்பு வெந்ததும், மிளகாய்த்தூள் விழுமுன் ஒரு பாத்திரம் தனியே எடுத்து வையுங்கள். அதில் தோலும் விதையும் நீக்கிய பூசணியைக் குழைய வேகவைத்து உப்பும் மஞ்சளும் போட்டால் போதும். பல் இல்லாத தாத்தா பாட்டிகளும் அதைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று, கழிப்பறைச் சாவி. திருவிழா அன்று அது யார் இடுப்பில் இருக்கிறது என்று தேடித் திரியும்படி வைக்காதீர்கள். நோய் கிளம்பிவிட்டால் அவனால் இரண்டு நிமிடம்கூட அடக்க முடியாது. பதினேழு வயதுப் பையன், நண்பர்கள் முன்னால் எப்படிக் கேட்பான்?

ஆடித் திருவிழாவுக்கு விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்படிக்கு வந்துவிடுகிறேன். பூசணி சீவும் வேலையை எனக்கு விடுங்கள்.

உங்களில் ஒரு தாய்