ஆசியக் கோப்பை வரலாற்றில் இல்லாத ஓர் இறுதிப்போட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வெளியான ஆசியக் கோப்பைக் கால்பந்துச் சாதனைத் தொகுப்பில், 1964ஆம் ஆண்டுக்கு எதிரே 'இறுதிப்போட்டியில் இஸ்ரேலிடம் இந்தியா தோல்வி' என்று அச்சாகியிருந்தது. அந்த ஆண்டு இறுதிப்போட்டி என்று ஒன்று நடக்கவே இல்லை. 1956இல் ஹாங்காங்கில் தொடங்கிய இந்தப் போட்டி, முதல் நான்கு முறையும் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் லீக் முறையில்தான் நடந்தது. முதல் இறுதிப்போட்டியை 1972இல் பாங்காக்கில் ஈரானும் தென்கொரியாவும் ஆடின.

1964இல் களத்தில் இருந்தவை நான்கே அணிகள். தகுதிச் சுற்றில் நம்மோடு மோத வேண்டிய அணிகள் விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலேயே தகுதி பெற்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுனி கோஸ்வாமி தலைமையிலான அந்த அணி மே 27 அன்று முதல் ஆட்டத்தில் வென்றது, அதற்கு முந்தைய இரண்டு கோப்பைகளையும் கைப்பற்றியிருந்த தென்கொரியாவை. அதுவும் 2-0 என்ற கணக்கில். இரண்டு நாள் கழித்து இஸ்ரேலிடம் 0-2 எனத் தோற்றாலும், ஜூன் 2 அன்று ஹாங்காங்கை 3-1 என வீழ்த்தி, வெற்றிக்கு 2 புள்ளிகள் என்ற அன்றைய முறைப்படி 4 புள்ளிகளோடு இஸ்ரேலுக்குச் சமமாக நின்றது. மறுநாள் கடைசி ஆட்டத்தில் தென்கொரியா இஸ்ரேலை வென்றிருந்தால் மூன்று அணிகள் சமப் புள்ளியில் இருந்திருக்கும். இஸ்ரேல் 2-1 என வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அதாவது, கோப்பை யாருக்கு என்பது முடிவான அன்று இந்திய அணி மைதானத்திலேயே இல்லை. இதை 'இறுதிப்போட்டியில் தோல்வி' என்று ஒரே வரியில் அடைத்தால், தென்கொரியாவை வென்ற பெருமையும் போகிறது, நான்கு அணிகள் மட்டுமே ஆடிய உண்மையும் போகிறது.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறுவனின் கேள்வி. வியாசர்பாடியில் மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், பந்துகளும் வலைகளும் வைக்கும் அறைக் கதவில் தங்கள் தொகுப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். "அந்த ஃபைனல்ல நம்ம டீம்ல யாரு சார் கோல் போட்டது?" என்று அவன் கேட்டான். அச்சில் வந்ததை அப்படியே நம்புகிற வயது அது.

உண்மையிலேயே ஆசியக் கோப்பையின் இறுதிப்போட்டி வரை சென்று தோற்றது நம் மகளிர் அணிதான். 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும். அவ்விரண்டுக்கும் தங்கள் தொகுப்பில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு ஏற்பட்ட பெரிய வருத்தம்.

அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலிலும் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. 1996இல் ஈரானின் அலி தாயி அடித்த 8 கோல்களை 2019இல் கத்தாரின் அல்மோயஸ் அலி 9 கோல்களுடன் முறியடித்தார் என்பது சரியே. ஆனால் தாயி காலத்தில் 12 அணிகள். கடைசி வரை நின்ற அணிக்கு 6 ஆட்டங்கள். 2019இல் 24 அணிகள், 7 ஆட்டங்கள். தாயியின் 8 கோல்களில் நான்கு, காலிறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக அடித்தவை. ஆட்ட எண்ணிக்கையைப் பக்கத்திலேயே போட்டிருந்தால் வாசகர் தாமே எடை போட்டுப் பார்த்திருப்பார். அதே 2019 தொடரில் இந்தியா தாய்லாந்தை 4-1 என வென்றது, 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி. அந்த நான்கில் இரண்டு கோல்களை அப்போது சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிக்கொண்டிருந்த அனிருத் தாப்பாவும் ஜேஜேயும் அடித்தார்கள் என்பதைச் சென்னைப் பதிப்பாவது சொல்லியிருக்கலாம்.

எனவே 1964ஆம் ஆண்டு வரிக்கு உரிய திருத்தத்தை, ஓரத்தில் சிற்றெழுத்தில் அல்லாமல், அதே விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுமாறும், இனி வரும் சாதனைப் பட்டியல்களில் பங்கேற்ற அணிகள், ஆடிய ஆட்டங்கள் ஆகிய இரண்டு பத்திகளைச் சேர்த்து, மகளிர் போட்டிகளுக்கும் தனிப் பட்டியல் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39.