இலை நுனி கருகுவது பற்றி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். பீஸ் லில்லிக்கு இலை நுனி கருகுகிறது, உரம் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே கண்ணு. போனில் சொல்ல ஆரம்பித்தால் பேரன் அழுவான், நீ எழுந்து ஓடுவாய், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ டப்ளின் போகும்போது என்னிடம் விட்டுப்போன செடிக்கும் இதேதான் வந்தது. ஓசூர் நர்சரியில் வாங்கிவந்தபோது அதில் ஏழு பூ நின்றது, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பச்சையாகி வாடியதும், ஒரு வருஷத்துக்கு மேல் பூவே இல்லை. என் கைராசிதான் சரியில்லையோ என்று மனசு கஷ்டப்பட்டேன். அப்புறம் தளி பக்கம் பாலிஹவுஸில் வேலை பார்க்கிற நம் சொந்தக்காரப் பையன் சொன்னான்: விற்பனைக்கு வைக்கும் செடியில் பூ வரவேண்டும் என்றே ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது வழக்கமாம். அந்த மருந்தின் வேகம் அது. இனிமேல் பூப்பது நாம் கொடுக்கிற வெளிச்சத்தைப் பொறுத்ததுதான் என்றான்.

இது தெரிவதற்கு முன்னால், பூ வரட்டும் என்று சூப்பர் பாஸ்பேட் ஒரு பிடி போட்டிருந்தேன். பூ வரவில்லை. இலை நுனிதான் இன்னும் கருகியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: நுனியில் ஒரு விரல் நீளத்துக்குக் காய்ந்த டீக்கறை நிறம், அதற்கும் பச்சைக்கும் நடுவே நூல் மாதிரி மஞ்சள் கோடு. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. நம் வீட்டுப் பற்களின் நிறம் கண்ணு அது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகு குடிப்பதற்கு அது, மற்ற வேலைக்கெல்லாம் போர் தண்ணீர் என்று பிரித்துவிட்டோம். செடிக்கு ஊற்றியது போர் தண்ணீர்தான். நம் பக்கத்துப் பாறையிலிருந்து, பல்லில் கறை போடுகிற அந்த ஃப்ளோரைடு கரைந்து வருகிற தண்ணீர். வேர் வழியாக ஏறுகிறது, இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, ஃப்ளோரைடு மட்டும் போக வழியில்லாமல் நுனியில் தங்கிச் சேர்கிறது. பீஸ் லில்லிக்கு அது ஆகாது. சூப்பர் பாஸ்பேட்டிலும் அதே ஃப்ளோரைடு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சோதித்துப் பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. தொட்டி முழுக்க வேர் சுற்றியிருந்ததால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். செடியை இரண்டாகப் பிரித்து, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து இரண்டு தொட்டியில் வைத்தேன். ஒன்றுக்கு வழக்கம்போல் போர் தண்ணீர். இன்னொன்றுக்கு மொட்டை மாடிக் குழாயடியில் ட்ரம் வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு, மாடி கழுவின பிறகு பிடித்தது. மூன்று மாதத்தில், மழைத் தண்ணீர் குடித்த செடியின் புது இலைகள் நுனிவரை பச்சையாக வந்தன. மற்றதில் பழைய கதைதான். போர் தண்ணீரில் உப்பும் அதிகம், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதுவும் சேர்ந்து கருக்கியிருக்கும். எப்படியோ, தண்ணீர்தான் காரணம்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தப் போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தேன். ஒரு நாள்கூட காய்ச்சாமல் கொடுத்ததில்லை. அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பயிற்சியில்தான் சொன்னார்கள்: காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும் என்று. பல் உருவாகிற வயசில், எட்டு வயசுக்குள், அதிகமாக உள்ளே போனால் கறை நிரந்தரமாகிவிடும் என்றும் சொன்னார்கள். உனக்கு அப்போது ஒன்பது. வீடியோவில் சிரிக்கும்போது இப்பவும் கையைக் கொண்டுபோய் வாயை மூடுகிறாய். என்னிடம் பேசும்போதாவது மூடாதே கண்ணு. அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்க்கவேண்டும் எனக்கு.

சரி, உன் செடிக்கு வருகிறேன். பல் சொத்தையாகாமல் இருக்க அங்கே குழாய்த் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிகிராம். நம் ஊர்ப் பல கிணறுகளில் 1.5-ஐத் தாண்டும். அதோடு பார்த்தால் அது குறைவுதான், பல்லுக்கு நல்ல அளவு. ஆனால் இந்தச் செடிக்கு அதுவே சேர்ந்து சேர்ந்து அதிகமாகலாம். ஹீட்டர் காற்று நேராகப் பட்டாலும் நுனி காயும், அதையும் பார். பால்கனியில் ஒரு பக்கெட் வை. தினமும் மழை என்று அலுத்துக்கொள்கிறாயே, உன் செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. கருகின நுனி திரும்பப் பச்சையாகாது. கத்தரியால் இலையின் வடிவத்துக்கே வெட்டு, பச்சையைத் தொடாமல் மயிரிழை கருகலை விட்டு வெட்டு.

இலை தொங்கினதும் தண்ணீர் ஊற்றிவிடாதே, முதலில் விரலை மண்ணில் விட்டுப் பார். சேலம் கல்யாணத்துக்கு நான்கு நாள் போய்வந்தபோது இங்கே செடி ஈரத்துணி மாதிரி தொட்டி மேல் விழுந்து கிடந்தது. காலையில் ஊற்றினேன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிமிர்ந்துவிட்டது. மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது, அப்போது ஊற்றினால் செத்துப்போகும். குளிர்காலத்தில் இன்னும் குறைத்து ஊற்று. ராத்திரியில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைக்காதே, குளிர் தாங்காது.

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானே, செடியை உயரத்தில் வை. இது சேம்பு, கருணை இனம். பச்சைச் சேம்பைக் கடித்தால் நாக்கு எப்படி அரிக்குமோ அதே ஊசிப் படிகம் இதன் இலையிலும் இருக்கிறது.

இங்கே டிவி பக்கத்து மூலையிலிருந்து கிழக்கு ஜன்னலுக்கு மாற்றி வைத்தேன். உச்சி வெயில் படாது, வெளிச்சம் நிறைய. போன வாரம் ஒரு இலைக்காம்பின் மடிப்பிலிருந்து சுருட்டின வெற்றிலை மாதிரி ஒன்று எட்டிப்பார்த்தது. நேற்று விரிந்துவிட்டது. வெள்ளையாக விரிவது இதழ் இல்லையாம், அதுவும் ஒரு இலைதானாம். நடுவில் திப்பிலி மாதிரி நிற்கிறதே, அதன் மேலுள்ள புள்ளி ஒவ்வொன்றும்தான் பூ. இன்று காலையில் கீழ் இலை மேல் மாவு மாதிரி மகரந்தம் கொட்டியிருந்தது. அப்பா தூசி என்று துடைக்கப் போனார், தடுத்துவிட்டேன். போட்டோ மாப்பிள்ளை போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன் செடியையும் ஜன்னலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வெளிச்சம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
பென்னாகரம்