சிஸ்டர்கள் இல்லாத கான்வென்ட்

சிங்கப்பூர்,
மார்ச் 2026

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நடக்கச் சொன்னால் நட. பெர்த்தில் வெயில் அதிகம் என்று சாக்குச் சொல்லாதே, இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? பேரன் பள்ளிக்கூட வாசலில் அழவில்லை, விட்டுவிட்டு வந்த நீதான் அழுதாய் என்று எழுதியிருந்தாய். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கான்வென்டில் இப்போது சிஸ்டர்கள் இருக்கிறார்களா, இல்லை பெயருக்குத்தான் கான்வென்டா என்று கேட்டிருந்தாய். என் தம்பி மகள் உயர்நிலை இரண்டில் இருக்கிறாள், நம் 11 ஐஜே பள்ளிகளில், அதாவது குழந்தை இயேசு கான்வென்ட் பள்ளிகளில், ஒன்றில்தான். அங்கே வகுப்பெடுக்கும் சிஸ்டர் ஒருவர்கூட இல்லை. தலைமையாசிரியர் நம்மைப் போலக் குடும்பம் குட்டி என்று இருப்பவர். ஆண்டுத் தொடக்கப் பூசைக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து சாமியார் வருகிறார். அன்று மட்டும் வயதான சிஸ்டர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்களாம். மாடிப்படியில் ஓடியதற்காக நம் காதைத் திருகிய தலைமுறை அது! இவளுக்கு அவர் ஒரு பாட்டி, அவ்வளவுதான்.

நாம் படிக்கும்போதே சிஸ்டர்கள் குறைய ஆரம்பித்துவிட்டார்கள், உனக்கு நினைவிருக்கும். 1983 கடைசியில் பள்ளி விக்டோரியா தெருக் கட்டடத்தைக் காலி செய்து தோ பாயோவுக்குப் போனபோது, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று உன் அம்மா சொன்னார். 1854இல் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த மதர் மத்தில்டும் உடன் வந்த சிஸ்டர்களும் ஆரம்பித்த இடம். வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போன பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்த இடம். இன்று அது சைம்ஸ் என்ற பெயரில் உணவகமும் கடையுமாக இருக்கிறது. நாம் முழங்கால் போட்ட சிற்றாலயத்தில் கல்யாண வரவேற்பு நடக்கிறது. போன மாதம்கூட அந்தப் பக்கம் போனேன். குழந்தைகளை விட்டுப்போன அந்தச் சின்ன வாசலை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதைப் பார்க்கப் பிடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆனால் பள்ளி முடிந்துபோகவில்லை. பிப்ரவரியில் நடந்ததைக் கேள். இந்த வருஷம் சீனப் புத்தாண்டு 17ஆம் தேதி. அதன் இரண்டாம் நாள் விடுமுறையன்றே உங்கள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். மறுநாள் 19ஆம் தேதி ரமலான் முதல் நோன்பு, அன்றுதான் பள்ளி திரும்பத் திறந்தது. அன்றைய கேண்டீனை நினைத்துப் பார். சீனப் பிள்ளைகள் டப்பா டப்பாவாக அன்னாசி டார்ட் கொண்டு வந்திருக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தவக்காலத்துக்கு இனிப்பை விட்டுவிட்டோம் என்கிறார்கள். மலாய்ப் பிள்ளைகள் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் டார்ட்டை எல்லாம் தின்றது யார் என்கிறாய்? எங்கள் வீட்டு அம்மணியும் இன்னும் நாலைந்து இந்துப் பிள்ளைகளும்தான். வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரமே வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்து, அந்தக் காசைத் தவக்கால உண்டியலில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குச் சைவம் இருந்தவள் இப்போது பபிள் டீயையும் விட்டுவிட்டாள். "நீ எதுக்கு விடணும், நாம கத்தோலிக்கரா?" என்று என் தம்பி கேட்டான். "கிளாஸே விடுது, நான் மட்டும் எப்படிக் குடிக்கிறது?" என்றாள். சமயக் கல்வி வகுப்பில் எவ்வளவு பேசினாலும் இது வராது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெரிய செய்தி. இந்த ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கக் கைப்பேசியைத் தொடக்கூடாது. இடைவேளையிலும் கூடாது, இணைப்பாட நடவடிக்கையிலும் கூடாது. கைக்கடிகாரம் என்று ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஏமாற்றவும் முடியாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். பிள்ளைகளோ சீக்கிரமே பழகிவிட்டார்கள். இடைவேளையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அஞ்சாங்கல்! நாம் தையல் வகுப்பில் தைத்தோமே, அதே முக்கோணத் துணிப் பொட்டலம்தான். ஸீரோ பாயிண்ட் கயிறுகூட வந்துவிட்டது, ரப்பர் வளையம் கோத்துக் கோத்து. நீலப் பினஃபோரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்களாம், நம்மைப் போலவே.

அந்த அஞ்சாங்கல்லை முதியவர்களைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்கும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மார்ச் விடுமுறைக்கு முன்னால் வகுப்போடு தொண்டூழியத்துக்குப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு மேசையில் பிங்கோ நடத்த, இவளைத் தமிழ் தெரியும் என்று ஒரு பாட்டியிடம் உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டி யாரோடும் பேச மாட்டாராம். இவள் தமிழும் பள்ளிக்கு வெளியே உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படிக்கிற தமிழ்தான். பாடப்புத்தகம் மாதிரி, "பாட்டி, தாங்கள் உணவு உண்டீர்களா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, "அது சாப்பாடா? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்றாராம். அதற்குப் பதில் பாடத்தில் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் பையிலிருந்து அஞ்சாங்கல்லை எடுத்து மேசையில் போட்டிருக்கிறாள். பாட்டி ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, "என்னடி இது, கல்லா தலகாணியா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடித்துக் காட்டியிருக்கிறார். ஒரு கை சரியாக வராது, அதனால் மறு கையால். பிங்கோ மேசையிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இங்கே நகர்ந்து வந்துவிட்டார்கள்.

இதில் என் எரிச்சல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போய் வந்ததும் ஒரு தாள் கொடுத்து, இன்று என்ன கற்றுக்கொண்டாய், எந்த நற்பண்பை வெளிப்படுத்தினாய், எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்கிறார்கள். செய்ததைக் கணக்கெழுதினால்தான் செய்ததாகுமா? தொடக்கப் பள்ளிகளில் இன்னும் மோசம், பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்று அப்பா அம்மாவே தொண்டூழியம் செய்கிறார்கள். நம் சிஸ்டர்கள் ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. இவள் அந்தத் தாளில் 'சமையலில் உப்பு குறைவு' என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் கூப்பிட்டு வேறு எழுதச் சொன்னாராம். ஆனால் அதே ஆசிரியர் இல்லத்தில் பேசி, மருத்துவர் அனுமதியோடு பாட்டிக்குக் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் கிடைக்கவும் வழி செய்துவிட்டார். அவர் ஒரு சீன ஆசிரியை, பழைய மாணவி. இப்போது உன் கேள்விக்கு என் பதில் புரிகிறதா? சிஸ்டர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்கள் பழக்கிவிட்ட ஆட்கள் போகவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்த பழைய எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவெல்லாம் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து இல்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, பாடத்துக்குப் பாடம் அவரவர் நிலைக்கு ஏற்பப் படிக்கிறார்கள். 2027இலிருந்து 'ஓ' லெவல், 'என்' லெவல் என்ற தனித்தனித் தேர்வுகள் போய் ஒரே சான்றிதழ். நார்மல் என்றால் நம் காலத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, அதனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. என் தம்பிக்குத்தான் இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, இவள் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பாட்டியிடம் ஒத்திகை பார்க்கப் போகிறேன் என்கிறாள். தாங்கள், நீங்கள் எல்லாம் என்ன ஆகப்போகிறதோ!

ஜூன் விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன், அப்புறம் தேக்காவில் சாப்பிடலாம். பாட்டியிடம் உன்னைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, அஞ்சாங்கல்லில் வகுப்பையே தோற்கடித்தவள் வருகிறாள் என்று. வரட்டும் பார்க்கலாம் என்றாராம். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி