நெட்டைக்காலிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவையின் கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களில் பாதிப் பேர் "பேரெல்லாம் போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், யார் பெயரும் இல்லாமலே இந்த நன்றி.

முதல் நன்றி நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புப் பறவை நெட்டைக்காலி. முதுகில் கரிய கோடுகள் அடர்ந்திருக்கும். புல்லுக்குள் நடந்தே பூச்சி பிடிக்கும். அசையாமல் நின்றால் புல் எது, பறவை எது என்று தெரியாது. இதே சாயலில் இருக்கும் வயல் நெட்டைக்காலியா இதுவா என்று நாங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "கிளம்புனதும் எங்க போய் உட்காருதுன்னு பாருங்க. பக்கத்துச் செடி மேல ஏறினா பெரும்பாலும் நம்ம ஆளுதான்" என்றார் காவலர் அண்ணன் ஒருவர். அப்புறம் வேலை பாதியாகக் குறைந்தது.

உலகத்தில் இந்தப் பறவை இருப்பதே மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே கேரளத்தின் இரவிகுளமும் அதையொட்டிய உயரங்களும். பெரும்பாலும் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வாழ்கிறது. வெயில் கூடினால் அதற்கு மேலே போக மலை இல்லை.

ஓடையோரச் சதுப்புகளில்தான் அதிகம் கண்டோம். அந்த இடங்களைக் காட்டியவர் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து (குடியிருப்பு) ஒன்றின் பெரியவர். அவர்கள் கோவில் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளர்கிறது. அதனால் எந்தச் சதுப்பு வற்றியது, எதில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஐயா, மோருக்கும் சேர்த்து நன்றி.

இனி, சீகைக் கன்று பிடுங்கும் தன்னார்வலர்கள். இவர்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கொண்டுவந்து நட்ட வெளிநாட்டு மரம் சீகை (வாட்டில்). சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் சேர்ந்து, 1973 முதல் 2017 வரை மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியில் சுமார் 340 சதுர கிலோமீட்டரை விழுங்கியதாகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டினாலும் தீராது. விதை மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து, வெளிச்சம் பட்டதும் முளைக்கும். அதே சரிவுக்கு வருடா வருடம் போய்க் குனிந்து பிடுங்க வேண்டும். மரம் நடுகிறவருக்குச் சால்வை போடும் ஊர், பிடுங்குகிறவரைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்கிறது. அதையும் சிரித்தபடி சமாளித்த கல்லூரித் தம்பி தங்கைகளே, நீங்கள் துப்புரவாக்கிய சரிவில் புல் திரும்பிவிட்டது. நெட்டைக்காலி இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் நினைக்கிறோம்.

அனுமதி தந்து, வழிக்காவலும் அனுப்பிய வனத்துறைக்கும், பனிமூட்டத்தில் பொறுமையாக ஜீப் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. கணக்கெடுப்பு விவரங்களை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டோம்.

மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பிடுங்கல். கையுறை நாங்கள் தருகிறோம். அட்டைக்கு உப்பு மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.