அக்குபஞ்சர் ஊசி உங்கள் கையில் இருக்கட்டும்: செட்டிநாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் எங்கள் நாய், 13 வயது மணி படுத்திருக்கிறான். கார்த்திகையில் பின்னங்கால்கள் சறுக்கத் தொடங்கின. பொங்கலுக்குள் எழுந்து நிற்கவே தூக்கிவிட வேண்டியதாயிற்று. முதலில் காட்டிய இடத்தில், "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டுத் திரும்பும் வீட்டார்தான், மனிதர்களுக்கு அக்குபஞ்சர் செய்பவரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாங்களும் ஓடினோம். அவர் எதுவும் கேட்காமல் ஊசியை எடுத்தார். இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று பிறகு வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்த பின்னரே தெரிந்தது.

அக்குபஞ்சரை நான் பழிக்கவில்லை. முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தினால் பலன் உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டுத் தேய்மானத்துக்கு அத்தனை உறுதியான சான்று இல்லை. இதை எங்களிடம் நீங்கள் சொல்ல வேண்டும். காரணம் வட்டா, மூட்டா, உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்காமல் குத்தும் ஊசியால் என்ன பயன்? விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாத நிலைக்கு வந்துவிட்ட நாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சிகிச்சை உரிமையைப் பதிவு பெற்ற உங்களுக்குத்தான் தந்திருக்கிறது. ஊசி முறையையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடுகளையும் ஒருமுறை வந்து பாருங்கள். ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்கப் பளபளக்கும். பின்னங்கால் பலமிழந்த நாய்க்கோ அது எண்ணெய் கொட்டிய தரை. முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) வரை சணல் சாக்கை விரித்து ஓரங்களை ஒட்டிய அன்றுதான் மணி தானாக எழுந்து தண்ணீர்ச் சட்டிக்குப் போனான். எத்தனையோ பேரிடம் காட்டினோம், தரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எடையும் அப்படித்தான். விருந்தில் மிஞ்சியதையெல்லாம் போட்டு அவனைப் பருக்க வைத்தது நாங்கள். மூட்டுத் தேய்ந்த பருத்த நாய்கள் உடல் எடையில் 6 சதவீதம் அளவு குறைந்ததும் நொண்டல் குறைந்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, பாவம், தன் மூட்டுவலி மாத்திரையையே நாய்க்குக் கொடுத்துவந்தார். அதிலிருந்த ஐப்யூபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மாதத்தில் ஒரு நாளைக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கால் விழுந்த நாய்களுக்கென்று ஒதுக்குங்கள். காலை எப்படி மடக்கி நீட்டுவது, வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்து எப்படி நடத்துவது என்று செய்து காட்டுங்கள். நாளைச் சொன்னால் போதும். மணியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
மணியின் வீட்டுக்காரர், கானாடுகாத்தான்